மளிகை பட்ஜெட் எங்கே ஒழுகுகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இருபதாம் தேதி ஆகிவிட்டது. பருப்பு டப்பாவில் கையை விட்டால் அடித்தகரம் தட்டுப்படுகிறது. எண்ணெய்த் தூக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தாளிக்க நாலு சொட்டு வருகிறது. சம்பளம் வர இன்னும் பத்து நாள். எப்போதோ ஒரு மாதம் இப்படி ஆனால் பரவாயில்லை. மாதாமாதம் ஆனால் வீட்டில் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையைத் தேடிப் பிடிப்பது எப்படி என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். நான், கணவர், மாமியார், படிக்கிற பிள்ளைகள் இருவர், ஆக ஐந்து பேர். வாய்க்கும் வயிற்றுக்குமாக மாதம் 14,000 ரூபாய் ஒதுக்குகிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்து மளிகை 5,500, பால் 2,300, காய்கறி, பழம் 2,800, கறி, முட்டை 2,400, அன்றாடச் சில்லறை 1,000. உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கும், அது இருக்கட்டும். இப்படி ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாம் ஒரே தொகையாகக் கிடந்தால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரிக்காதவர்கள் முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒன்பது வருடமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறேன். முதல் மூன்று வருடம் ரூபாயை மட்டும்தான் எழுதினேன். ஒன்றும் சரியாகவில்லை. கடையில் விலை ஏறியதும் இறங்கியதும் நோட்டில் தெரிந்தது, அடுப்படியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அளவையும் நாளையும் எழுத ஆரம்பித்த பிறகுதான் பிடி கிடைத்தது. ஆகவே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் வேண்டிய சாமான் மூன்றுதான்: ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு, அழியாத மார்க்கர் பேனா ஒன்று, சுவரில் மாட்டிய மாதக் காலண்டர். பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். டப்பாவில் கொட்டினால் மூடியில் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டி அதில் எழுதுங்கள். தீர்ந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். "துவரை, 2 கிலோ, 3ஆம் தேதி பிரித்தது, 21ஆம் தேதி தீர்ந்தது." இந்த ஒரு வரி பத்து பில்லை விட அதிகம் சொல்லும்.

அறிகுறி: அரிசி, பருப்பு, எண்ணெய் நாள் கணக்குக்கு முன்பே தீர்கிறது

இதில்தான் பெரிய பணம் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் அரிசி. எங்கள் வீட்டு ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் அரிசி 170 கிராம் நிற்கிறது. மதியச் சோற்றுக்கு நாலு ஆழாக்கு, அதாவது 680 கிராம். இரவு டிபன்தான். 26 கிலோ மூட்டை 38 நாள் வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஜூன் மாதம் மூட்டை 30 நாளில் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் குறைத்துப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மூட்டையை வீட்டில் வைத்துத் தவணை தவணையாக நிறுத்துப் பார்த்தேன், எடை சரியாக இருந்தது. பிறகு நாள் கணக்கைப் போட்டேன். 26 கிலோவை 30 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 860 கிராம் சொச்சம். அது ஐந்து ஆழாக்கு.

எப்படி ஐந்தானது? என் தாய்வீடு குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அண்ணன் பிள்ளைகளும் எங்களோடு வந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த நாட்களில் மாமியார் ஒரு ஆழாக்கு கூடப் போட்டார், நியாயம்தான். பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், அந்த ஆழாக்கு மட்டும் போகவில்லை. கை பழகிவிட்டது. தினமும் மீந்த சோறு பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமியாரிடம் குறை சொல்லும் தொனி வராமல், "அத்தை, ராத்திரி சோறு எவ்வளவு மீறுதுன்னு ரெண்டு நாள் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவரே பார்த்தார், அவரே ஆழாக்கைக் குறைத்தார். அடுத்த மூட்டை 37 நாள் வந்தது.

அரிசி சீக்கிரம் தீர இன்னொரு காரணமும் உண்டு. ஆரணி, களம்பூர் பக்கத்து அரிசியைத்தான் வேலூரில் பெரும்பாலும் சாப்பிடுகிறோம். அறுவடை முடிந்த கையோடு வரும் புது அரிசி குழையும், சோறு அவ்வளவாகக் காணாது. பழைய அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும், சோறு உதிரியாக நிறைய வரும். அதே நாலு ஆழாக்குக்குச் சோறு பற்றவில்லை என்று பிள்ளைகள் சொன்னால், மூட்டை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மண்டித் தெருவில் நான் வாங்கும் கடையில் "புது அரிசிக்கா, தண்ணி கம்மியா வையுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எல்லாக் கடையிலும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பழைய அரிசியே நாள் கணக்கில் கட்டுப்படியாகிறது என்பது என் அனுபவம்.

எண்ணெய்க்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். எங்கள் வீட்டில் நாலரை லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தாளிப்பில் குறைக்க முயன்று வாரக்கணக்கில் வீணானது. தாளிப்பில் போவது கொஞ்சம்தான். எண்ணெய் போவது வாணலியில் மிஞ்சுவதில். அப்பளத்துக்கும் வடைக்கும் அரை லிட்டர் ஊற்றுகிறோம், பாதி மிஞ்சுகிறது, அது அடுத்த வாரம் வரை கிடந்து சிக்கு வாடை வந்து கீழே போகிறது. இப்போது பொரிப்பது சின்ன இருப்புச் சட்டியில், 150 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை. மிஞ்சியதை வடிகட்டி அடுத்த நாளே குழம்புக்குத் தீர்த்துவிடுகிறோம். இரண்டாவது மாற்றம், பாக்கெட்டை வெட்டி நேரே ஊற்றாமல் தூக்கில் ஊற்றி, 30 மில்லி கரண்டியால் எடுப்பது. மூன்றாவது மாதம் மூன்று லிட்டரில் நின்றது. அதற்குக் கீழே இன்னும் வரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்.

பருப்புக்கு வேறு வழி. பருப்பு சீக்கிரம் தீர்ந்தால் அளவைக் குறைக்காதீர்கள். ரேஷனில் குடும்ப அட்டைக்கு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும், 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் தருகிறார்கள். அதை வாங்காமல் விட்ட மாதங்களைக் காலண்டரில் எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இதுதான் பெரிய ஓட்டை. கைரேகை வைக்க அட்டையில் பெயருள்ள யாராவது ஒருவர் போனால் போதும், எங்கள் வீட்டில் மாமியார் போகிறார். 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் இட்லிக்கு அந்தப் புழுங்கலரிசி நன்றாகவே வரும். கல் பொறுக்கி, நாலைந்து தண்ணீர் கழுவினால் வாடை போய்விடும்.

அறிகுறி: முதல் தேதி பில் பட்டியலுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் இருபதாம் தேதி கையில் ஒன்றும் இல்லை

பெரிய பில்லை விட்டுவிடுங்கள். அங்கே தேடிப் பயனில்லை. தெருமுனைக் கடையைப் பாருங்கள்.

ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், வாசலைத் தாண்டிப் போய் வாங்கிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பத்து ரூபாய் கொத்தமல்லியாக இருந்தாலும் எழுதுங்கள். யார் போனார்கள், என்ன மணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் எழுதிய மாதத்தில் தெருமுனைக்கு 43 முறை போயிருக்கிறோம், 2,870 ரூபாய் போயிருக்கிறது. ஒதுக்கியது 1,000. பிரித்துப் பார்த்தபோது கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் ஒன்றுமே இல்லை. தோசை மாவு ஒன்பது பாக்கெட், 405 ரூபாய். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிரெட், பிஸ்கட், சிப்ஸ் என்று 1,100க்கு மேல். ஏதோ ஒன்று வாங்கப் போனவர் கையோடு எடுத்துவந்த வேறொன்று, இன்னொரு 600.

நேரத்தை எழுதியதால்தான் விஷயம் புரிந்தது. ஆறு மணிக்குப் பிள்ளைகள் டியூஷன் முடித்துப் பசியோடு வருகிறார்கள். நான் வேலையிலிருந்து ஏழு மணிக்கு வருகிறேன். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் தின்ன எதுவும் இல்லை. "கடையில் வாங்காதே" என்று சொல்லி அதை நிறுத்த முடியாது, பசி பசிதான். ஆறு மணிக்கு எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். இப்போது வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அவல் மூன்றும் மாதப் பட்டியலில் ஏறிவிட்டன. குடியாத்தம் பக்கம் மானாவாரிக் கடலை வரும் நாளில் பச்சைக் கடலையாக வாங்கி அவித்துவிடுவோம். வாரம் இரண்டு நாள் சுண்டல். இதற்கு மாதம் 450 ரூபாய் போகிறது, மிச்சம் 650.

மாவுக்கு ஞாயிறு, புதன் இரண்டு நாள் அரைப்பது என்று வைத்துக்கொண்டோம். நாலு ஆழாக்கு ரேஷன் அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு கை வெந்தயம். இரண்டு கிலோவுக்குக் குறையாமல் மாவு வருகிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலுக்கு இந்த அட்டவணை ஒத்துவராது. வெளியே வைத்தால் நாலு மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். அந்த இரண்டு மாதமும் மாலையில் அரைத்து, உப்பைக் காலையில் போட்டு, பாதியைப் புளிக்க விடாமல் நேரே ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

கையோடு வரும் வேறொன்றுக்கு என்ன வழி? ரொக்கம்தான். போனில் ஸ்கேன் செய்யும்போது பணம் போவது கைக்குத் தெரிவதில்லை. யூபிஐயை நான் குறை சொல்லவில்லை, கரண்ட் பில்லும் பள்ளிக் கட்டணமும் அதில்தான் கட்டுகிறேன். தெருமுனைக் கடைக்கு மட்டும் வேண்டாம். திங்கட்கிழமை காலை 250 ரூபாயைப் பத்தும் இருபதுமாக மாற்றி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்கிறேன். கடைக்குப் போகிறவர் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், மீதியை அதில்தான் போட வேண்டும். கண்ணாடி பாட்டில் என்பதால் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. வியாழக்கிழமை அடியில் இரண்டு நோட்டு கிடந்தால் என் சின்னவனே "வேணாம்மா, சனிக்கிழமை பார்த்துக்கலாம்" என்கிறான்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்கள் உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதென்றால் அதிலும் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். ஒரு தக்காளிக்காகத் திறந்தால் டெலிவரி கட்டணம் தள்ளுபடியாக இன்னும் 120 ரூபாய்க்கு வாங்கச் சொல்லும். வாங்கிவிடுவோம். அந்தக் கட்டணத்தைக் கொடுத்தே வாங்கினாலும் நஷ்டம் குறைவு.

அறிகுறி: சில மாதம் சரியாக இருக்கிறது, சில மாதம் காரணமே தெரியாமல் உதைக்கிறது

காலண்டரை எடுங்கள். அந்த மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை?

வருடத்துக்கு 52 ஞாயிறு. மாதத்துக்கு நாலு என்றால் 48தான் ஆகும். மீதி நாலும் ஏதோ நாலு மாதத்தில் ஐந்தாவது ஞாயிறாக வந்து உட்காரும், சில வருடம் அது ஐந்து மாதமாகவும் ஆகும். கறிக்கு நாங்கள் ஒதுக்கும் 2,400ல் முட்டைக்கு 400 போக, ஞாயிறு ஒன்றுக்கு 500. ஐந்து ஞாயிறு வந்தால் 500 இடிக்கும். பட்ஜெட் தப்பு இல்லை, மாதம்தான் நீளம். வருடத் தொடக்கத்தில் காலண்டர் வாங்கியவுடன் ஐந்து ஞாயிறு மாதங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடுங்கள். புரட்டாசியில் கறி எடுக்காத வீடு என்றால் அந்த மாதத்துக் கறிப் பணத்தில் காய் விலையேற்றத்துக்குப் போக மீந்ததை இந்த ஐந்தாவது ஞாயிறுகளுக்கு எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது போதுமானதாக இருக்கிறது.

அடுத்து மூட்டை. 38 நாள் வரும் அரிசி மூட்டையை வருடத்தில் பத்து முறைக்குள்தான் வாங்குவோம். அப்படியானால் இரண்டு மாதமாவது மூட்டை வாங்காத மாதமாக இருக்கும். அந்த மாதம் கையில் பணம் மீறுகிறது என்று நினைத்து நெய்யோ முந்திரியோ வாங்கிவிடுவோம். அடுத்த மாதம் தொடக்கத்தில் ஒரு மூட்டை, கடைசியில் இன்னொன்று என்று வந்தால் திணறுவோம். அரிசிக்கு மாதாமாதம் ஒரே தொகையை எடுத்து வைத்துவிடுங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

புளியும் மிளகாயும் இதே கதை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும், மிளகாய் வற்றலும் அப்போதுதான் வரத்து. வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, வேலூர் வெயிலில் நாலு நாள் காயவைத்து, மல்லியோடு மில்லில் அரைத்து வைத்தால் பாக்கெட் மிளகாய்த்தூளை விட நிச்சயம் மலிவு, மணமும் வேறு. ஆனால் அந்தச் செலவைப் பங்குனி மாத பட்ஜெட்டில் ஏற்றினால் அந்த மாதம் கவிழ்ந்துவிடும். இதற்கும் தீபாவளிக்கும் சேர்த்து மாதம் 400 ரூபாய் தனியாக அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். தீபாவளிச் சீட்டு கட்டுவது நம் பக்கத்தில் நெடுநாள் பழக்கம். எங்கள் தெருவில் ஒரு வருடம் சீட்டுப் பிடித்தவர் ஐப்பசி பிறக்கும் முன்பே காணாமல் போனார். பத்துப் பன்னிரண்டு வீடு கண்கலங்கி நின்றது. அதைப் பார்த்த பிறகு என் பணம் என் பெயரில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். உங்களையும் அதைத்தான் கேட்டுக்கொள்வேன்.

அறிகுறி: அதே பட்டியல், அதே கடை, பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

விலைவாசி என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்து பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலையைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். கடையில் அதே உயரத்தில், அதே நிறத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் தொங்கும். பத்து ரூபாய் மலிவு என்று எடுத்து வருவோம், ஆனால் லிட்டர் கணக்கில் பார்த்தால் அதுதான் விலை அதிகமாக இருக்கும். பிஸ்கட், சோப்பு, டீத்தூள் எல்லாவற்றிலும் விலையைத் தொடாமல் எடையைக் குறைப்பது நடக்கிறது. இப்போது பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள். பொடி எழுத்தாக இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் பாருங்கள். இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அந்த எண் ஒன்றே போதும்.

அரிசி மூட்டையிலும் இது உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் செய்து பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதிலிருந்து தப்ப ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26. மூட்டை விலையைக் கேட்டால் ஏமாறுவோம். கிலோ விலையைக் கேளுங்கள்.

எடை போட்டுத் தரும் சரக்கை வீட்டுத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். குறைந்தால் பையோடு திரும்பிப் போய்ச் சொல்லுங்கள், கோபம் வேண்டாம். ஒரு கடையில் எனக்கு உளுந்து கிலோவுக்கு 60 கிராம் குறைவாக இரண்டு முறை வந்தது. மூன்றாம் முறை நான் அங்கே போகவில்லை. தொடர்ந்து இப்படி நடந்தால் எடையளவைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கே புகார் கொடுக்கலாம்.

பாலில் நிறத்தைப் பாருங்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. தயிருக்கும் மோருக்கும் ஆரஞ்சு பாக்கெட் உடைக்க வேண்டியதில்லை, நீலமே போதும்.

அறிகுறி: காய்கறி வாங்குகிறோம், பாதி அழுகிக் குப்பைக்குப் போகிறது

மலிவு என்று அதிகம் வாங்குவதால் வரும் கோளாறு இது. டோல்கேட் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் கீரையும் கத்திரிக்காயும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, பேரம் பேசும் தொல்லை இல்லை. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது, கண்ணில் பட்டால் நான் விடுவதில்லை. ஆனால் இரண்டு கிலோ வாங்கி ஒரு கிலோவைத் தூக்கிப்போட்டால் அந்தக் காய் இரட்டிப்பு விலை ஆகிறது.

நான் செய்வது: வாரத்தில் இரண்டு முறை வாங்குவது. ஞாயிறு உழவர் சந்தை, வியாழன் வேலை முடிந்து வரும் வழியில் நேதாஜி மார்க்கெட். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை, கத்திரி. அடுத்த இரண்டு நாள் அவரை, பீன்ஸ், கோஸ். கடைசி நாளுக்குப் பூசணி, சேனை, கருணை, உருளை. இந்த வரிசையில் சமைத்தால் அழுகாது. மெனு எல்லாம் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் முளைவிடும். வெங்காயத்தைக் காற்றாடும்படி கோணியில் பரப்புங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகும். அக்னி நட்சத்திர நாட்களில் ஐந்து கிலோ வெங்காயம் மொத்தமாக வாங்குவதை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

அறிகுறி: கடை நோட்டில் பாக்கி தீரவே மாட்டேன் என்கிறது

சம்பளம் வந்ததும் பாக்கியைக் கட்டுகிறோம், கட்டியதும் கையில் பணம் இல்லை, மறுநாளே அதே கடையில் கடனுக்கு வாங்குகிறோம். இப்படிப்பட்ட வீட்டில் பட்ஜெட் போடுவதே வேதனை, எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் கணவருக்கு ஐந்து மாதம் வேலை இல்லாதபோது 6,200 ரூபாய் வரை ஏறியது.

பாக்கி முழுவதையும் ஒரே மாதத்தில் அடைக்க முயலாதீர்கள். கடைக்காரரிடம் நேராகப் பேசுங்கள். "அண்ணா, இதுவரைக்கும் உள்ள பாக்கியை ஒரு பக்கத்தில் எழுதி மூடிடுங்க. மாசம் 500 அதுக்குக் கட்டறேன். இனிமே வாங்கறது கைக்காசுக்குத்தான்." எங்கள் கடைக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் நல்லது, பணம் வருவது நிச்சயம் ஆகிறது. முதல் மாதம் பட்டியலைப் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது. சோப்பு, பவுடர், டீத்தூள் மலிவான ரகத்துக்கு மாறின, ரேஷன் அரிசியைச் சோற்றுக்கும் போட்டோம். பதின்மூன்று மாதம் ஆயிற்று. கடைசி 200 ரூபாயைக் கொடுத்தபோது அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார், இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அந்த ஏற்பாட்டில் ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது: பழைய பக்கத்தில் புதிதாக ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது.

அறிகுறி: பட்ஜெட் நிற்கிறது, ஆனால் வீட்டில் யாரோ குறைத்துச் சாப்பிடுகிறார்கள்

இது கணக்கு நோட்டில் தெரியாது. தட்டில்தான் தெரியும். பணம் இறுகும்போது முதலில் குறைவது வீட்டுப் பெண்களின் தட்டு. கடைசியாக உட்காருவோம், குழம்பில் அடியில் இருப்பதை ஊற்றிக்கொள்வோம், முட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன். மயக்கம் வந்து பரிசோதித்தபோது இரத்தம் குறைந்திருந்தது. மருந்துக்குக் கொடுத்த பணம் நான் மிச்சம் பிடித்ததை விட அதிகம்.

ஆகவே பட்டியலில் சிலவற்றைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள்: பருப்பு, முட்டை, கீரை, பிள்ளைகளின் பால், பெரியவர்களுக்கு டாக்டர் சொன்னது எதுவானாலும் அது. எவ்வளவு இறுக்கினாலும் இந்தக் கோட்டுக்குள் கை வைக்கக் கூடாது. முட்டையைப் பேருக்கு இத்தனை என்று எண்ணி வாங்குங்கள், உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். வாரத்தில் ஒருநாளாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், யாருக்குப் பற்றவில்லை என்பது அப்போது மறைக்க முடியாது.

அறிகுறி: மேலே சொன்ன எல்லாம் செய்தும் நிற்கவில்லை

அப்படியென்றால் நீங்கள் போட்ட தொகையே குறைவு. போன வருடத்துத் தொகையை வைத்து இந்த வருடம் ஓட்டப் பார்க்கிறீர்கள், அல்லது வளரும் பிள்ளைகள் இப்போது பெரியவர்கள் சாப்பிடும் அளவு சாப்பிடுகிறார்கள். என் பெரியவன் பத்தாம் வகுப்பில் எங்கள் எல்லோரையும் விட அதிகம் சாப்பிட்டான், சாப்பிடட்டும்.

காலண்டரில் குறித்த நாள் கணக்கு மூன்று மாதத்துக்குக் கையில் இருக்கும். ஒவ்வொரு சரக்கும் முப்பது நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதிலிருந்து எழுதுங்கள். 2 கிலோ துவரை 24 நாள் வந்தால் மாதத்துக்கு இரண்டரை கிலோ. எல்லாவற்றையும் இப்படி எழுதி, ரேஷனில் கிடைப்பதைக் கழித்துவிட்டு, மீதிக்கு இந்த வாரத்து விலையைப் போடுங்கள். வருகிற தொகையை நூறுக்கு ஏற்றி முழுமையாக்கி, அதன் மேல் இன்னொரு 300 சேருங்கள். போன தை மாதம் எங்கள் மளிகைத் தொகை 4,900லிருந்து 5,500 ஆனது இப்படித்தான். அந்த 600ஐ எதிலிருந்து எடுப்பது என்று நானும் கணவரும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசினோம். கேபிள் இணைப்பை எடுத்துவிட்டோம், அவர் ஞாயிறு மாலை வெளியே டீக்கடையில் செலவழிப்பதைப் பாதியாக்கினார். அரிசி மூட்டை அந்த மாதம் 38ஆவது நாள் காலையில் தீர்ந்தது.